பிரான்ஸ்ல கார்ல போற வழியில ஒரு ராத்திரி: லாங்கர் ஊர்ல தங்கறவங்களுக்கு

லண்டன்ல இருந்து சுவிஸ், இத்தாலி பக்கம் காரை எடுத்துட்டுப் போறவங்க நிறைய பேர் ஒரே மூச்சுல ஓட்டிடலாம்னு நினைக்கறாங்க, குழந்தைங்க பின்னாடி தூங்கிடும் நாம மாத்தி மாத்தி ஓட்டிக்கலாம்னு. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மேல பிரெஞ்சு மோட்டர்வே இருட்டா நேரா ஒரே மாதிரி போயிட்டே இருக்கும், தூக்கம் எப்ப கண்ணைத் தட்டும்னே தெரியாது. நடுவுல ஒரு சின்ன ஊர்ல இறங்கி சாப்பிட்டு தூங்கி காலையில கிளம்புங்க. அதுக்கு நான் எல்லாருக்கும் சொல்ற ஊர் லாங்கர். கலேல இருந்து ஏ26-ல ரேம்ஸ், துருவா தாண்டி ஏ5 பிடிச்சா ஏ31 சேர்ற இடத்துக்குப் பக்கத்துல வரும், கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர், நிக்காம ஓட்டினா அஞ்சு மணி நேரம், குடும்பத்தோட போனா ஆறரை ஏழுன்னு வெச்சுக்கோங்க. பாரிஸ்ல இருந்து வர்றவங்களுக்கும் ஏ5 நேரா கொண்டு வந்து விட்டுடும்.

இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போறது ஒரே விஷயத்தைச் சுத்தித்தான் வரும்: சாயங்காலம் ஆறரை மணிக்குள்ள ஊருக்குள்ள போயிடுங்க. பிரான்ஸ்ல சின்ன ஊரெல்லாம் கடிகாரத்தைப் பாத்துத்தான் நடக்குது, கடை, சமையல், ரிசப்ஷன் எல்லாமே. நேரத்துக்குப் போனா அருமையான ராத்திரி, ஒன்பதரைக்குப் போனா பூட்டின கதவும் பசியும் தான்.

கிளம்பறதுக்கு முன்னாடி

முதல்ல கணக்கைச் சரியாப் போடுங்க. பிரான்ஸ் நேரம் இங்கிலாந்தை விட ஒரு மணி நேரம் முன்னாடி. ஃபோக்ஸ்டன்ல பத்து மணிக்கு கடலுக்கு அடியில போற ரயில்ல காரை ஏத்தினா 35 நிமிஷப் பயணம், ஆனா கலேல இறங்கறப்போ மணி பதினொன்னே முக்கால் ஆகுற மாதிரி இருக்கும். அதனால ஆறரைக்கு லாங்கர்ல இருக்கணும்னா பத்து மணிக்கு மேல இங்கிலாந்தை விட்டுக் கிளம்பறது டைட். எட்டு மணி ரயில்னா நடுவுல ரெண்டு தடவை நின்னு சாப்பிட்டுப் போகலாம்.

அடுத்து என்னைக்கு போறீங்கன்னு பாருங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரியும் திங்கக்கிழமையும் சின்ன ஊர்கள்ல பாதி ரெஸ்டாரன்ட் மூடித்தான் இருக்கும், சூப்பர்மார்க்கெட்டும் ஞாயிறு மத்தியானத்தோட சாத்திடுவாங்க. மே 1 அன்னைக்கு கிட்டத்தட்ட நாடே மூடியிருக்கும். மே 8, ஜூலை 14, ஆகஸ்ட் 15, நவம்பர் 1, நவம்பர் 11 இதெல்லாமும் லீவு நாள். வேற வழியில்லாம ஞாயிறு ராத்திரி தங்க வேண்டியிருந்தா, சாப்பாடு கிடைக்கற ஹோட்டலாப் பாத்து, அன்னைக்கு ராத்திரி சமையல் உண்டான்னு கேட்டுட்டு புக் பண்ணுங்க.

ரூமுக்கு ரெண்டு வழி இருக்கு. மோட்டர்வே எக்ஸிட் பக்கத்துல, ஊருக்கு வெளிய இருக்கற செயின் ஹோட்டல், இபிஸ் பட்ஜெட், பி அண்ட் பி, ப்ரீமியர் கிளாஸ் மாதிரி. இதுல பலதுல ரிசப்ஷன்ல ஆள் இல்லாட்டியும் வாசல்ல மெஷின் இருக்கும், புக்கிங் நம்பரோ கார்டோ போட்டா ரூம் கோட் வரும், கார் பார்க்கிங் கவலை இல்லை. இன்னொன்னு ஊருக்குள்ளயே கோட்டைச் சுவருக்கு உள்ள இருக்கற சின்ன குடும்ப ஹோட்டல், இல்லேன்னா ஷாம்ப்ர் தோத்னு சொல்ற வீட்டு ரூம், வீட்டு ரூம்னா காலைச் சாப்பாடு வாடகையிலயே சேர்ந்தது. நான் ரெண்டாவது தான் சொல்வேன். காரை ஒரு தடவை நிறுத்திட்டா அப்புறம் எல்லாமே நடந்து போற தூரம், ஊரையும் பாத்த மாதிரி ஆகும். லேட்டா வரப்போறீங்கன்னு தெரிஞ்சா மட்டும் செயின் ஹோட்டலுக்குப் போங்க, அங்க யாரையும் தொந்தரவு பண்ண வேண்டியதில்லை.

சின்ன ஹோட்டல்ல ரிசப்ஷன் ராத்திரி முழுக்க இருக்காது. எட்டு, ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போயிடுவாங்க. ட்ராஃபிக்ல மாட்டினா உடனே ஃபோன் பண்ணி "நூ சரிவெரோன் தார்" அப்படின்னு சொல்லுங்க, லேட்டா வர்றோம்னு அர்த்தம், அவங்களே வாசக்கதவு கோட் நம்பரையும் சாவி எங்க இருக்குன்னும் சொல்லிடுவாங்க. சொல்லாம லேட்டா போனா தெருவுல நிக்க வேண்டியது தான், அதுவும் குளிர்காலத்துல லாங்கர்ல. ஊர் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 470 மீட்டர் உசரத்துல இருக்கு, காத்து நல்லா அடிக்கும், கோடையிலயே ராத்திரிக்கு ஒரு ஸ்வெட்டர் வேணும்.

கார்ல ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டும் முக்கோணமும் கட்டாயம் இருக்கணும், ஜாக்கெட் டிக்கியில இல்லாம கை எட்டற இடத்துல. பிரிட்டிஷ் கார்னா யுகே ஸ்டிக்கரும், ஹெட்லைட் வெளிச்சம் எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்காம இருக்க ஒட்டற ஸ்டிக்கரும் வாங்கிக்கோங்க. பாரிஸ்ல இருந்து கிளம்பறவங்க முந்தின நாளே நம்ம கடைங்க இருக்கற லா ஷப்பேல் பக்கம் போயி முறுக்கு, மிக்சர், ஊறுகாய் எல்லாம் எடுத்துக்கோங்க, லாங்கர்ல நம்ம கடை எதுவும் எதிர்பாக்காதீங்க. இன்னொரு முக்கியமான சாமான் கெட்டில். பிரெஞ்சு ஹோட்டல் ரூம்ல பெரும்பாலும் கெட்டில் இருக்காது, குழந்தைக்குப் பால் கலக்கணும்னா சின்ன ட்ராவல் கெட்டில் ஒன்னு கையோட இருக்கணும். இந்தியாவுல இருந்து வர்ற மெல்லிசான ரெண்டு பின் சார்ஜர் அங்க அப்படியே சொருகும், லண்டன் மூணு பின்னுக்கு அடாப்டர் வேணும்.

ரோட்டுல

மோட்டர்வேயில 130, மழை பெஞ்சா 110. லைசென்ஸ் வாங்கி மூணு வருஷம் ஆகாதவங்களுக்கு எப்பவுமே 110 தான். ஊர்களுக்கு நடுவுல இருக்கற சாதாரண ரோட்டுல பெரும்பாலும் 80. ஊர்ப்பேர் போர்டு வந்ததும் 50, தனியா 50-ன்னு போர்டு வெச்சிருக்க மாட்டாங்க, ஊர்ப்பேர் தான் போர்டு, அதே பேர்ல சிவப்புக் கோடு குறுக்க போட்டிருந்தா ஊர் முடிஞ்சுதுன்னு அர்த்தம். கேமரா எங்க இருக்குன்னு எச்சரிக்கற டிடெக்டர் கருவி அங்க சட்டவிரோதம், கார்ல வெச்சிருந்தாலே அபராதம்.

டோல்ல முதல்ல டிக்கெட் எடுப்பீங்க, வெளிய போறப்போ காசு. ஆரஞ்சு கலர்ல சின்ன டீ எழுத்து மட்டும் போட்டிருக்கற லேன் டேக் வெச்சிருக்கறவங்களுக்கு, அதுக்குள்ள போயிடாதீங்க, பச்சை அம்புக்குறியோ கார்டு படமோ இருக்கற லேனுக்குப் போங்க. பிரிட்டிஷ் கார்னா மெஷின் இடது பக்கம் வரும், அதனால பக்கத்துல உக்காந்திருக்கறவங்க கையில கார்டு, டிக்கெட் ரெடியா இருக்கணும், தனியா ஓட்டறவங்க இறங்கி சுத்தி வர வேண்டியிருக்கும், பின்னாடி ஹார்ன் அடிச்சாலும் பதறாதீங்க.

லாங்கர் போர்டு பாத்து மோட்டர்வேயை விட்டு இறங்கினதுக்கு அப்புறமும் ஊருக்கு கால் மணி நேரம் மாதிரி வெச்சுக்கோங்க. தூரத்துல இருந்தே தெரியும், சுத்தி எல்லாம் தாழ்வா கிடக்க, ஊரே ஒரு பெரிய மொட்டை மாடியில ஏறி உக்காந்திருக்கற மாதிரி. ட்ரெயின்ல வர்றவங்க இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, ஸ்டேஷன் கீழ பள்ளத்தாக்குல இருக்கு, ஊர் மேல இருக்கு. 1887-ல இருந்து 1971 வரைக்கும் கீழ இருந்து மேல ஏத்திவிட பல்சக்கர ரயில் ஒன்னு ஓடிட்டிருந்தது, இப்ப இல்லை. சூட்கேஸோட ஏற்றம் ஏற முடியாது, டாக்ஸியை முன்னாடியே ஃபோன்ல சொல்லி வைங்க, ஆப்ல கூப்பிட்டா நிமிஷத்துல வர்றது பெரிய ஊர்ல தான்.

வந்து சேர்ந்ததும்

கோட்டைச் சுவருக்குள்ள தெரு எல்லாம் ஒடுக்கம். கோடோ போர்டோ இல்லாத முக்குல வலது பக்கத்துல இருந்து வர்ற வண்டிக்குத் தான் முதல் உரிமை, அது சந்துல இருந்து வர்ற சின்ன வண்டியா இருந்தாலும் சரி. பெரிய கார், மேல பெட்டி கட்டின கார்னா சுவருக்கு வெளியவே நிறுத்திட்டு நடந்து உள்ள போறது நிம்மதி.

பார்க்கிங்ல ரெண்டே விஷயம். நீலக் கோடு போட்டிருந்தா அது அட்டை பார்க்கிங், வந்த நேரத்தைக் காட்டற நீல அட்டையை கண்ணாடிக்குப் பின்னாடி வெக்கணும், சிகரெட் கடையில சூப்பர்மார்க்கெட்ல ரெண்டு மூணு யூரோவுக்குக் கிடைக்கும். ராத்திரி நேரத்துக்கு பெரும்பாலும் எதுவும் வேண்டியதில்லை, எத்தனை மணியில இருந்து எத்தனை மணின்னு போர்டுலயே இருக்கும். ரெண்டாவது தான் ஆபத்து: சந்தை நாள். ஊர் நடுவுல இருக்கற சதுக்கத்துல வாரத்துல ஒரு நாள் காலையில சந்தை போடுவாங்க, அன்னைக்கு விடியக்காலம் அஞ்சாறு மணிக்கெல்லாம் அங்க நிக்கற காரை இழுத்துட்டுப் போயிடுவாங்க. சதுக்கத்துல நிறுத்தறதுக்கு முன்னாடி கிழமை பேர் எழுதின போர்டு இருக்கான்னு பாருங்க, புரியலைன்னா ஹோட்டல்ல கேளுங்க.

உள்ள நுழைஞ்சதும் முதல் வார்த்தை "போன்ஜூர்", சாயங்காலம்னா "போன்சுவார்". இது வெறும் மரியாதை இல்லைங்க, பேக்கரியோ ஹோட்டலோ மருந்துக்கடையோ, இதைச் சொல்லாம நேரா விஷயத்துக்குப் போனா முகம் இறுகிடும், சொன்னா அதே ஆள் உங்களுக்காக தெரிஞ்ச ஆங்கிலத்தை எல்லாம் தேடி எடுத்துப் பேசுவார். வெளிநாட்டு பாஸ்போர்ட்னா ஒரு ஃபாரம் நிரப்பச் சொல்வாங்க, அது சட்டப்படி வாங்கறது, பயப்பட ஒன்னுமில்லை. ரூம் காசுக்கு மேல ஆளுக்கு ராத்திரிக்கு இவ்வளவுன்னு ஊர் வரி இருக்கும், சின்னத் தொகை தான், 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்குக் கிடையாது. முதல் மாடின்னு சொன்னா ஒரு மாடி ஏறணும், பழைய கட்டடத்துல லிஃப்ட் இல்லாம போகலாம், வயசானவங்க கூட வந்தா புக் பண்றப்பவே கீழ் ரூம் கேட்டுக்கோங்க.

ரூம்ல பையைப் போட்டதும் படுத்துடாதீங்க. சாப்பாட்டு விஷயத்தை முதல்ல முடிங்க.

சாப்பாடு

இதைப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா நம்ம ஆளுங்க அதிகமா கஷ்டப்படறது இங்க தான். ஜூன் மாசத்துல லாங்கர்ல ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும், குழந்தைங்க இன்னும் விளையாடிட்டிருக்கும், மத்தியானம் மாதிரியே தோணும், ஆனா சமையல்கட்டு ஒன்பது மணியோட மூடிடும். ராத்திரி சாப்பாடு ஏழுக்கு ஆரம்பிக்கும், ஏழுக்கு முன்னாடி போனா காஃபி, கூல்ட்ரிங்க் தான் கொடுப்பாங்க. அதனால ஏழே காலுக்கு மேஜையில உக்காந்துடுங்க. சனிக்கிழமைன்னா மத்தியானமே ஃபோன்ல இடம் சொல்லி வைங்க. மத்தியானச் சாப்பாடும் அதே மாதிரி பன்னெண்டுல இருந்து ரெண்டு வரைக்கும் தான், மூணு மணிக்குப் பசிச்சா பேக்கரி சாண்ட்விச் தான் கதி.

மெனு கார்டுல ஆந்த்ரேன்னு இருக்கறது முதல்ல வர்றது, ப்ளா தான் முக்கியச் சாப்பாடு. ஃபார்முல்னு போட்டிருந்தா ரெண்டோ மூணோ சேர்த்து ஒரே விலை, தனித்தனியா எடுக்கறதை விட லாபம். தண்ணிக்கு "ஊன் கராஃப் தோ, சில் வு ப்ளே"ன்னு கேளுங்க, குழாய்த் தண்ணி ஜாடியில இலவசமா வரும், நல்ல தண்ணி தான், வெறுமனே தண்ணின்னு கேட்டா பாட்டிலைத் திறந்து பில்லுல போட்டுடுவாங்க. ரொட்டியும் இலவசம். சர்வீஸ் விலையிலயே சேர்ந்திருக்கு, டிப்ஸ் கட்டாயம் இல்லை.

சைவம் சாப்பிடறவங்க சைவம்னு மட்டும் சொன்னா போதாது, மீன் கொண்டு வந்து வெச்சுடுவாங்க. "சான் வியாந்த், சான் புவாசோன், சான் லார்தோன்"னு மூணையும் சொல்லுங்க, கறி இல்லாம, மீன் இல்லாம, பன்னித் துண்டு இல்லாம. அந்த லார்தோன் தான் நம்ம எதிரி, சாலட்ல, கீஷ்ல, உருளைக்கிழங்குல எங்க பாத்தாலும் பொடிப்பொடியா போட்டிருப்பாங்க. சூடான ஆட்டுப்பால் சீஸ் சாலட், சீஸ் ஆம்லெட், பிட்ஸா, கிரேப்னு சொல்ற பிரெஞ்சு தோசைக் கடையில முட்டை சீஸ் காளான் போட்ட பக்வீட் மாவு தோசை, இதெல்லாம் சின்ன ஊர்லயும் கிடைக்கும். ரொம்பக் கட்டுப்பாடா இருக்கறவங்களுக்கு ஒன்னு சொல்லணும், பாரம்பரிய பிரெஞ்சு சீஸ் நிறைய பாலை உறைய வெக்க, கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னெட் போட்டுத்தான் செய்யறாங்க. அவங்களுக்கு சூப்பர்மார்க்கெட் தான் சரி. ஏழரைக்குள்ள போங்க, பாகெட் ரொட்டி, தயிர், தக்காளி, பழம், வேகவெச்ச பருப்புப் பாக்கெட் எல்லாம் இருக்கும், கையில ஊறுகாயும் இருந்தா அது அருமையான ராச்சாப்பாடு.

சீஸ் சாப்பிடறவங்க இந்த ஊர் பேர்லயே இருக்கற லாங்கர் சீஸை விட்டுடாதீங்க. பசும்பால்ல பண்றது, மேல ஆரஞ்சு கலர், நடுவுல சின்ன குழி. பதப்படுத்தறப்போ திருப்பிப் போடாம வெக்கறதால மேல் பக்கம் அப்படியே உள்வாங்கிடும். வாசனை பலமா இருக்கும், ஆனா வாயில வெண்ணெய் மாதிரி தான். அசைவக்காரங்களுக்கு வழி சொல்ல வேண்டியதே இல்லை. வைன் குடிக்கறதுன்னா மறுபடி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, ரத்தத்துல லிட்டருக்கு 0.5 கிராம் தான் எல்லை, புது லைசென்ஸ்காரங்களுக்கு 0.2.

சாப்பிட்டதுக்கு அப்புறம்

கோட்டைச் சுவர் மேல நடங்க. இதுக்காகத்தான் ஊருக்குள்ள தங்கச் சொன்னேன். மொத்தச் சுத்து சுமார் மூணரை கிலோமீட்டர், 12 கோபுரம், 7 வாசல், டிக்கெட் கிடையாது, நிதானமா ஒன்னே கால் மணி நேரம். நாள் முழுக்க கார்ல மடங்கி உக்காந்த முழங்காலுக்கு இதைவிட மருந்து கிடையாது. கிழக்குப் பக்கம் நடக்கறப்போ கீழ மார்ன் ஆத்துப் பள்ளத்தாக்கும் லியே ஏரியும் தெரியும், வானம் தெளிவா இருந்தா தூரத்துல வோஜ் மலை. சுவர்லயே ஓரிடத்துல ரோமானியர் காலத்து வளைவு வாசல் பதிஞ்சு கிடக்கு, பின்னாடி வந்தவங்க அதை இடிக்காம அடைச்சு சுவரோட சேத்துக் கட்டியிருக்காங்க. நவார் கோபுரம் 16-ம் நூற்றாண்டு, பீரங்கிக்குத் தாங்கணும்னு சுவரையே ஏழு மீட்டர் கனத்துக்குக் கட்டினது. குளிர்காலம்னா அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடும், அப்ப நடையை முதல்ல வெச்சுட்டு சாப்பாட்டைப் பின்னாடி வெச்சுக்கோங்க.

திரும்பி வர்றப்போ ஊர் நடுச் சதுக்கத்துல திதெரோ சிலை இருக்கும், கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. 1713-ல இந்த ஊர்ல கத்தி செய்யறவர் வீட்டுல பொறந்தவர். பாரிஸ்ல போயி கணித மேதை தலாம்பேரோட சேர்ந்து 1751-ல இருந்து இருபது வருஷத்துக்கு மேல உழைச்சு கலைக்களஞ்சியம் கொண்டு வந்தார், 17 தொகுதி எழுத்து, 11 தொகுதி படம். தத்துவம் மட்டும் இல்லாம ஊசி எப்படிச் செய்யறாங்க, கண்ணாடி எப்படி ஊதறாங்கன்னு தொழிலாளிங்க வேலையை எல்லாம் படம் போட்டு அச்சடிச்சாங்க, கைவேலை செய்யறவங்களோட அறிவையும் புத்தகத்துல ஏத்தணும்னு நினைச்ச மனுஷன், எனக்கு அதனாலயே அவர் மேல பெரிய மரியாதை. சிலையைச் செஞ்சவர் பார்த்தோல்தி, நியூயார்க் சுதந்திர தேவி சிலை செஞ்ச அதே ஆள். கனடாவுல இருந்து வர்ற சொந்தக்காரங்க கூட இருந்தா அவங்களுக்கு இன்னொன்னு, மொன்றியாலைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரும் அங்க முதல் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சவருமான ழான் மான்ஸ் 1606-ல இங்க பொறந்தவங்க தான்.

ராத்திரி யாருக்காவது உடம்பு முடியலைன்னா 112, மருத்துவ அவசரம்னா நேரா 15. டூட்டி மருந்துக்கடை எதுன்னு தெரிஞ்சுக்க 3237. பாராசிட்டமால் கூட பிரான்ஸ்ல சூப்பர்மார்க்கெட்ல விக்க மாட்டாங்க, பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடையில தான், அதனால குழந்தைங்க சிரப் கையோட எடுத்துட்டு வாங்க.

காலையில

ஹோட்டல் காலைச் சாப்பாடு தனிக் காசு, ஆளுக்கு பத்து யூரோ பக்கம் வரும், நாலு பேர்னா யோசிங்க. பேக்கரி ஏழு மணிக்கெல்லாம் திறந்திருக்கும், சூடா குரோசான் வாங்கி பக்கத்துல இருக்கற காஃபிக் கடையில உக்காந்து காஃபியோட சாப்பிடலாம், கடையில குரோசான் விக்கலைன்னா வெளிய வாங்கினதைச் சாப்பிட பொதுவா விடுவாங்க, ஆனா ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க. பேக்கரிக்கு வாரத்துல ஒரு நாள் லீவு உண்டு, மூடியிருந்தா இன்னொன்னு எங்கன்னு கதவுலயே எழுதியிருப்பாங்க. வழிக்கு ரெண்டு பாகெட் கூட வாங்கிப் போடுங்க. கோடையில குழந்தைங்களோட வர்றவங்க அவசரம் இல்லைன்னா லியே ஏரிக்கரையில ஒரு மணி நேரம் ஓட விடுங்க, கார்ல பத்து நிமிஷம் தான், அப்புறம் பார்டர் வரைக்கும் அமைதியா வருவாங்க.

மோட்டர்வே ஏறறதுக்கு முன்னாடி சூப்பர்மார்க்கெட் பங்க்ல பெட்ரோல் போட்டுக்கோங்க, மோட்டர்வே பங்க்கை விட நல்லாவே விலை கம்மி. கார்டு மெஷின்ல முதல்ல 100, 150 யூரோ பிடிச்சு வெச்ச மாதிரி மெசேஜ் வரும், பயப்படாதீங்க, போட்ட அளவுக்குத்தான் கடைசியில எடுப்பாங்க, ஆனா கார்டுல அவ்வளவு இருப்பு இருக்கணும். கசோல்னு எழுதியிருக்கறது டீசல். பெட்ரோல் காருக்கு எஸ்பி95 இல்ல எஸ்பி98, இ85-ன்னு மலிவா ஒன்னு இருக்கும், அது எத்தனால் கலந்தது, சாதாரண காருக்குப் போடாதீங்க.

ஜெனிவா, லியோன் பக்கம் போறவங்க ஏ31 பிடிச்சு தீஜோன் வழியா கீழ இறங்கணும். பாசெல், சூரிச் போறவங்களுக்கு டோல் இல்லாத வழி ஒன்னு இருக்கு, என்19-ல வெசூல், பெல்ஃபோர் வழியா, கொஞ்சம் மெதுவா போகும், ஆனா சின்னச் சின்ன ஊரா வர்றதால பகல்ல ஓட்ட நல்லா இருக்கும். எந்த வழியில போனாலும் சுவிஸ் மோட்டர்வேக்கு விக்னெட்னு சொல்ற 40 ஃப்ராங்க் ரோடு பாஸ் வேணும், அதை ஆன்லைன்ல வாங்கலாம், கார் நம்பரை மட்டும் சரியா அடிங்க. லாங்கர்ல காலைக் காஃபி குடிக்கறப்பவே ஹோட்டல் வைஃபைல முடிச்சுட்டா பார்டர்ல வரிசையில நிக்க வேண்டியதில்லை.